உடல்வாகு என்னும் சாட்டு

"அவளின்ர உடல்வாகே அப்பிடித்தான் பாதர், தாயும் ஒல்லி, தாயைப் பெத்தவளும் ஒல்லி" என்று மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். திருகோணமலை நகரிலோ தொந்தி விழுந்தவரைப் பார்த்து, "பெரிய எலும்பு, அதுதான்" என்கிறார்கள். இரண்டுக்கும் உடல்வாகே சாட்டு. முன்னையதில் பசி மறைகிறது. பின்னையதில் சீனி வருத்தம் மறைகிறது. வீடு, கிணறு, கடன் பற்றி மணிக்கணக்காகப் பேசும் எமது கூட்டங்களில் இதற்கு இடமில்லாதிருப்பது சரியன்று.

உடல்வாகு என்ற சொல்லுக்கு அட்டவணை மதிப்புக் கொடுத்தது அமெரிக்காவின் மெற்றோபொலிட்டன் ஆயுள் காப்புறுதிக் கம்பனி. 1940களில் உயரத்துக்கேற்ற நிறைகளை வெளியிட்டபோது சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என மூன்று நிரல்களை அது வகுத்தது. யார் எந்த நிரலுக்குரியவர் என்று அளந்தறியும் வழியைச் சொல்லவில்லை. முழங்கை எலும்பின் அகலத்தை அளக்கும் முறை 1983ஆம் ஆண்டு அட்டவணையோடுதான் வந்தது. அதுவரை விரும்பியவர் விரும்பிய நிரலில் ஏறிக்கொள்ளலாம்! அதுவும் அந்நாட்டில் காப்புறுதி எடுக்க வசதியுள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு. எமது கரைவலைத் தொழிலாளியும் நாற்று நடும் பெண்ணும் அதில் இல்லை.

இன்று கிளினிக்குகளில் பார்ப்பது உடற்திணிவுச் சுட்டி. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அது கிடைக்கும். 18.5க்குக் கீழே குறைநிறை. மேல் எல்லை 25 என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆனால் அதே சுட்டியில் ஆசிய மக்களின் உடலில் கொழுப்பு அதிகம். நீரிழிவும் முந்தி வருகிறது. எனவே எம்மவர்க்கு 23இலேயே கவனம் தேவையென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. 5 அடி 6 அங்குல ஆணுக்கு இது ஏறத்தாழ 52 முதல் 65 கிலோ. 5 அடிப் பெண்ணுக்கு 43 முதல் 53. பழைய எல்லையின்படி அந்த ஆண் 70 கிலோவிலும் நலமானவரே. வலை இழுப்பதை விட்டு முச்சக்கர வண்டியில் அமர்ந்தவர், காலையில் பாண், இரவில் றொட்டி, இடையிடையே மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர் என்று வாழ்பவர், அந்த 5 கிலோவுக்குள்தான் ஏமாறுகிறார். (கோதுமை மா சீனன்குடாவிலேயே அரைபடுகிறது, தட்டுப்பாடு இல்லை.)

உழைத்து உரமேறிய தேகத்தில் தசையும் நிறை காட்டும் என்பது உண்மை. சந்தேகம் தீர்க்க ஓர் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80உம் எட்டினால், பெரிய எலும்பு என்ற பேச்சை விட்டு இரத்தத்தில் சீனியைப் பரிசோதிக்க வேண்டும்.

ஒல்லியானவர்களின் சங்கதி இதைவிடக் கவலைக்குரியது. தாயும் பாட்டியும் ஒல்லியென்றால் மூன்று தலைமுறையாகச் சோறு போதவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்து நிவாரண அரிசியில் வளர்ந்த பிள்ளைகளே இன்றைய தாய்மார். 18.5க்குக் கீழ் நின்று கருவுறும் பெண்ணுக்கு நிறைகுறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே அவள் மற்றத் தாய்மாரை விடக் கூடுதலாக, 12.5 முதல் 18 கிலோ வரை, நிறை ஏறவேண்டும். மருத்துவ மாது கொடுக்கும் திரிபோஷா வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பங்கிடப்படுகிறது. அதற்காக அத்தாயைக் கடிந்துகொள்வோரை நான் ஏற்பதில்லை. அவ்வீட்டுக்கே உணவு போதவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. உதவி வீட்டுக்கே போகவேண்டும்.

ஒவ்வொரு மாதர் சங்கத்திலும் ஒரு தராசும் ஒரு நாடாவும் இருக்கட்டும். புதிதாகத் திருமணமான பெண்களை முதலில் நிறுங்கள். கருவுற்று 12 வாரத்துக்குப் பின் எடுத்தால் வளரும் கருவின் நிறையும் சேர்ந்துவிடும், கணக்கு உதவாது.