வாழைநாரும் கரியும் சேர்ந்தால் மருந்தாகுமா?

கோச்சடையைத் தாண்டி மேலக்கால் சாலையில் சோழவந்தான் பக்கம் போனால் வாழைத் தோட்டங்கள் வரும். வாழை ஒருமுறைதான் தார் போடும். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்க்க வேண்டும். மதுரை மல்லியைக் கட்டக் கொஞ்சம் நார் போகும், கயிறு திரிக்கக் கொஞ்சம் போகும். மிச்ச மட்டையெல்லாம் வரப்போரம் கிடந்து அழுகுவதுதான். அதை அப்புறப்படுத்தக் கூலி கொடுப்பவரும் விவசாயிதான்.

அந்த நாரில் பாதிக்கு மேல் செல்லுலோஸ். அதைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அமிலத்திலோ அதிக அழுத்த நீராவியிலோ பிரித்தால், தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய இழைகள் கிடைக்கும். இதுதான் நானோசெல்லுலோஸ். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாழைநாரிலிருந்தே இதைப் பிரித்தெடுத்து 2008-லும் 2011-லும் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

இதில் மருத்துவத்துக்கு என்ன இருக்கு? இந்த இழை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழ்போல நிற்கும். புண்ணை ஈரமாகவே வைத்திருக்கும். பின்லாந்தில் பிர்ச் மரத்திலிருந்து எடுத்த நானோசெல்லுலோஸில் செய்த காயக்கட்டு, ஒட்டுத்தோல் எடுத்த இடத்துப் புண்களில் சோதிக்கப்பட்டு, விற்பனைக்கே வந்துவிட்டது.

சரி, கரி எதுக்கு? செல்லுலோஸ் மின்சாரத்தைக் கடத்தாது. நரம்பும் இதயத்தசையும் மின்துடிப்பில் வேலை செய்பவை. கார்பன் நானோகுழாயும் கிராஃபீனும் நன்றாகக் கடத்தும். ஆனால் தண்ணீரில் போட்டால் திரண்டு அடியில் தங்கிவிடும். அந்தக் காலத்து மை நினைவிருக்கிறதா? விளக்குக் கரி தண்ணீரில் கலக்காது, பிசின் சேர்த்தால்தான் மையாக நிற்கும். அந்தப் பிசின் வேலையை இங்கே நானோசெல்லுலோஸ் செய்கிறது. இழைகளின் மேலுள்ள எதிர்மின்னூட்டம் கார்பன் துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் இப்படிக் கலந்த மையை முப்பரிமாண அச்சில் கோடுகளாக இழுத்தார்கள். நரம்பு வகைச் செல்கள் அவற்றில் ஒட்டி வளர்ந்ததை 2018-ல் பதிவு செய்தார்கள். வியர்வையைச் சோதிக்கும் பட்டை, நாடித்துடிப்பு அறியும் ஒட்டு என்று மற்ற முயற்சிகளும் நடக்கின்றன.

வைகையின் மேல்பக்கம் கோச்சடை என்றால் கீழ்ப்பக்கம் கீழடி. அங்கே கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் அறிவித்தார்கள். தாவரச் சாறு போன்ற ஏதோ ஒன்றைப் பூசி, கடும் சூட்டில் சுட்டபோது அவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். குயவர் தெரிந்து செய்ததல்ல. அதைக் காட்டி ‘நானோ தொழில்நுட்பம் நமக்குப் பழசு’ என்று மார்தட்டுவது சரியல்ல.

பானைக்கு ஒத்துவந்தது உடம்புக்கும் ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. நீண்டு விறைத்த கார்பன் நானோகுழாய்கள் எலிகளின் வயிற்று உள்ளுறையில் ஆஸ்பெஸ்டாஸ் போலவே அழற்சி உண்டாக்கியதாக 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற ‘2பி’ பட்டியலில் 2014-ல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. செல்லுலோஸிலும் சிக்கல் உண்டு. அதைச் செரிக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. மாடு தின்றால் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும். நமக்குள் தைத்து வைத்தால் அப்படியே கிடக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். தோலுக்கு மேலே ஒட்டி எடுத்துவிடும் கட்டும் பட்டையும் முதலில் வரட்டும். நரம்புக்குள் வைப்பது பல ஆண்டு விலங்குச் சோதனைக்குப் பிறகு. நானோ மருந்துகளை மதிப்பிட மத்திய அரசு 2019-ல் வழிகாட்டு நெறிமுறை தந்தது. நானோ கார்பன் கலந்த கட்டுக்கும் பட்டைக்கும் அதே கண்டிப்புள்ள தனி நெறிமுறை வேண்டும்.

இன்னொன்று, பணம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இருக்கிறது. மதுரையில் பல்கலைக்கழகமும் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் எடுப்பது கட்டுரைக்குப் போதும். காயக்கட்டுக்குக் கிலோ கணக்கில், ஒரே தரத்தில், கிருமி நீக்கி வேண்டும். அதற்கு ஒரு முன்னோட்ட ஆலை போட்டு, மட்டைக்கு என்ன விலை என்பதையும் முதலிலேயே எழுதி வைத்தால், தார் வெட்டிய மறுநாள் கூலிக்கு ஆள் தேடும் விவசாயி அந்த மட்டையை வண்டியில் ஏற்றுவார்.