தொண்டும் தோழமையும்

தொண்டு என்னும் சொல்லை நம் மேடைகள் தேய்த்துவிட்டன. மாலைக்கும் பொன்னாடைக்கும் அடுத்தபடியாக நம் விழாக்களில் மலிவாகக் கிடைப்பது அச்சொல்லே. ஓராண்டு பொருளாளராக இருந்தவர் தொண்டர். நன்கொடைப் பட்டியலில் பெயர் ஏறியவரும் தொண்டர். மாணவர்க்கோ அதே சொல்லை வேறு விதமாகக் கற்பிக்கிறோம். மெழுகுவத்தி போல் தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருவதே தொண்டு என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். முன்னது போலி, பின்னது அச்சுறுத்தல். இவ்விரண்டும் சேர்ந்து இளைஞரைத் தொண்டிலிருந்து துரத்துகின்றன என்பதே என் வழக்கு.

உருகி அழிவதற்கு எந்த இளைஞன் ஆசைப்படுவான்? உண்மையாகத் தொண்டு செய்தவர்களோ தாம் உருகிப் போனதாகச் சொல்வதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலை வழியில் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய மோர் கலக்கியவரைக் கேட்டுப் பாருங்கள். கை வலித்ததை ஒரு சொல்லில் முடித்துவிட்டு, உடன் நின்றவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அவர் பெற்றது நட்பு. அதனோடு, தானும் ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டவன் என்ற நிறைவு. இந்த ஊதியத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டு இழப்பை மட்டும் பாடமாக்குவது என்ன அறம்?

தன்னலம் கலந்தால் தொண்டு மாசுபடும் என்பர் சிலர். பதவிக்கும் படத்துக்கும் செய்தால் மாசுபடும், மறுப்பில்லை. தோழமையால் வரும் மகிழ்ச்சி அத்தகையதன்று. அது தனக்கென எடுத்துக்கொள்ளக் கூடியதன்று, பகிர்ந்தால்தான் கிடைக்கும். அதனைக் குற்றமென்று சொல்பவர் தொண்டினைத் துறவாக்குகிறார். துறவுக்கு ஆயிரத்தில் ஒருவர் வருவார். தொண்டுக்கோ ஆயிரம் பேரும் வேண்டும்.

இன்று இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் தொண்டுக்குத் தனிப்பெயர் இல்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொல்லாமலே இளைஞர் மூங்கில் வெட்டப் புறப்பட்டனர். திருமணம் என்றால் பந்தல் போடவும் தேங்காய் துருவவும் ஆள் தேட வேண்டியிருந்ததில்லை. தோட்டத்து வறுமையை நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. கூலி குறைவு, கள்ளுக்கடை அருகு, கல்வி தொலைவு. ஆயினும் அங்கே நண்பனில்லாத இளைஞன் அரியவன். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் செம்பனையாயிற்று; செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தன. இன்று பந்தலுக்கும் பாடைக்கும் தொலைபேசியில் சொன்னால் ஆள் வருகிறது. பணம் கொடுத்தால் வேலை முடிகிறது. வேலையோடு வந்த உறவுதான் வரவில்லை.

அந்த வெற்றிடத்தில் யார் நுழைந்தார்? 2013ஆம் ஆண்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினருள் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்ற செய்தி நம்மைத் தலைகுனிய வைத்தது. திரைப்படம் கெடுத்தது, பெற்றோர் கவனிக்கவில்லை, வறுமை வாட்டியது என்று காரணங்கள் அடுக்கினோம். எல்லாம் ஓரளவு மெய்யே. ஆனால் ஒன்றைச் சொல்லத் தயங்கினோம். கும்பல் அந்தப் பையனுக்கு அண்ணன்மாரைக் கொடுத்தது. அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தது. "நீ இல்லாமல் முடியாது" என்று அவனிடம் சொல்லியது. பள்ளியிலும் கோயிலிலும் சங்கத்திலும் அவனிடம் அப்படிச் சொன்னவர் எத்தனை பேர்? வள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கு ஒதுக்கினார். அவற்றுள் தீ நட்பு ஒன்று; கூடா நட்பு மற்றொன்று. நல்ல நட்புக்கு இடம் அமைக்காத சமுதாயம் ஏனைய இரண்டுக்கும் கதவு திறந்து வைக்கிறது.

இளைஞரின் இதே வேகத்தை நல்வழியில் திருப்பிய வரலாறு நம்மிடமே உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பால்மரம் வெட்டும் இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். குடியைக் கைவிடும்படி சொந்த மக்களிடமே வாதாடினர். காலனித்துவ அரசு அதனை ஒடுக்கியது வேறு கதை. அணி, கட்டுப்பாடு, உடன்பிறப்புணர்வு ஆகிய மூன்றும் அங்கும் இருந்தன, கும்பலிலும் இருக்கின்றன. எதற்காகக் கூடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

பின்னும் சான்று வேண்டுமா? 1950களில் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று வெள்ளி வெள்ளியாக நிதி திரட்டியபோதும், 1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியபோதும், உண்டியல் ஏந்தியவரும் உறுப்பினர் சேர்த்தவரும் பெயரறியாத எளியவரே. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர் தம் விடுமுறை நாள்களைத் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லச் செலவிட்டனர். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது படகோடு வந்தவரும், பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் கூடிச் சமைத்தவரும் இனம், சமயம் கேட்டு நிற்கவில்லை. முன்பின் அறியாதார் ஒரே அண்டாவைத் தூக்கினர். நட்புக்கு இதைவிட நல்ல அறிமுகம் உண்டோ?

"முதலில் படிக்கட்டும், முன்னேறிய பின் தொண்டு செய்யட்டும்" என்னும் பெற்றோருக்கு ஒரு சொல். இருபது ஆண்டு தனக்காக மட்டும் வாழப் பழகியவன் இருபத்தோராம் ஆண்டில் பிறர்க்காக எழுந்து வருவான் என்று எப்படி நம்புகிறீர்கள்? பழகாத கை பின்னர் நீளாது. இன்னும் சிலர், பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்குரிய 10 விழுக்காட்டைக் கணக்கிட்டே பிள்ளைகளைத் தொண்டுக்கு அனுப்புகின்றனர். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் அந்தப் பிள்ளை வருவதில்லை. அவனுக்குப் புள்ளி கிடைத்தது, நண்பன் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாமும் தப்ப முடியாது. கூட்டுப்பணி என்று பெயரிட்டு, மாணவரிடம் துடைப்பத்தைக் கொடுத்துப் படம் எடுத்தவுடன் கலைத்துவிடுகிறோம். அது தொண்டன்று, நாடகம். தொண்டு வேர் பிடிக்க மூன்று வேண்டும். பணி மெய்யாகவே தேவைப்படுவதாய் இருக்க வேண்டும். அதே குழு வாரந்தோறும் கூட வேண்டும். ஒரே நாளில் நட்பு முளைக்காது. பொறுப்பு மாணவர் கையில் இருக்க வேண்டும். நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். வாசிக்கத் திணறும் முதலாம் ஆண்டுப் பிள்ளையை ஆறாம் ஆண்டு மாணவனிடம் ஒப்படைத்துப் பாருங்கள். வகுப்பில் அடங்காதவன் என்று நாம் முத்திரை குத்தியவன், அந்தச் சிறுவனுக்காக நேரத்தோடு வந்து வாசலில் காத்திருப்பான். சிறுவன் எழுத்துக் கூட்டுவான். பெரியவனும் ஒன்று கற்பான். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பதே அது.

மாணவ நண்பர்களே, உங்களை உருகச் சொல்லவில்லை. தனிமையில் வாடும் இளைஞனுக்கு நட்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல வேலை ஒன்றில் கை வைத்தால் பக்கத்தில் இன்னொரு கை வரும். உங்கள் பள்ளி நூலகத்தில் அடுக்கப்படாத நூல்கள் இருக்கின்றன. உங்கள் அடுக்குமாடியில் மருந்து வாங்கித் தர ஆளில்லாத முதியவர் இருக்கிறார். மாலைக்காகக் காத்திராதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். நான்கு பேராகத் திரும்புவீர்கள்.