விலை சொல்ல முடியாதவன் வியாபாரியா?

 

உங்கள் கடைச் சரக்குக்கு விலை சொல்வது யார்? நீங்கள்தானே! சங்கும் முத்தும் விற்ற கீழக்கரை வணிகன், பேரம் படியாவிட்டால் சரக்கை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவான்.

ஊரில் பிழைப்பில்லை என்று சென்னைக்குப் போய் ஓலா, ஊபரில் கார் ஓட்டும் நம் மாவட்டத்துப் பிள்ளையைப் பாருங்கள். கார் அவனுடையது. தவணை, டீசல், டயர், அபராதம் எல்லாம் அவன் தலையில். கட்டணத்தை மட்டும் செயலி முடிவு செய்யும்! கேட்டால், அவன் ஊழியன் அல்ல, சுயதொழில் செய்பவன் என்கிறார்கள். விலை சொல்ல வாயில்லாத இவன் எந்த ஊர் வியாபாரி?

வேடிக்கையைக் கேளுங்கள். இந்தச் செயலிகள் ஓட்டுநர்களை ஒன்றாகக் கட்டி விலை வைக்கின்றன என்று ஒரு வழக்கு வந்தது. ஓட்டுநர்களுக்குள் எந்த ஒப்பந்தமும் இல்லை, கட்டணம் கணினிக் கணக்கில் வருகிறது என்று போட்டி ஆணையம் 2018இல் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் 2020 டிசம்பரில் அதையே உறுதி செய்தது. ஆக, விலை அவன் கையில் இல்லை என்பது ஊரறிந்த உண்மை!

சரி, தொழிலாளி என்றாவது ஏற்கிறார்களா? 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. செயலி ஓட்டுநனுக்கு ஏது பதிவேடு? தமிழக அரசு 2023இல் நலவாரியம் அமைத்தது. நல்லதுதான். ஆனால் உதவித்தொகை வேறு, கூலி பேசும் உரிமை வேறு.

சங்கம் சேர்வதையே குற்றமாக்கப் பார்த்த காலமும் உண்டு. 1918இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலை முதலாளிகள் அதன் தலைவர் வாடியா மீதே வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கினார்கள். அந்த அநீதி கிளப்பிய போராட்டத்தின் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

ஊழியராக்கினால் தொழில் நசிந்துவிடும் என்று பயம் காட்டுகிறார்கள். ஊபர் பிறந்த கலிபோர்னியாவில், சுயதொழிலாளர் என்ற பெயரை மாற்றாமலேயே ஓட்டுநர்கள் சங்கம் அமைத்துப் பேரம் பேச 2025 அக்டோபரில் சட்டம் இயற்றிவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மே 5 வந்தால் கடையடைத்து வணிகர் மாநாட்டுக்குப் போகிறோம். வரி கூடினால் பேரவை பேசுகிறது, அமைச்சர் கேட்கிறார். இந்த ஆண்டுத் தீர்மானங்களில் ஓட்டுநர்களின் பேர உரிமைக்கும் ஒரு தீர்மானம் சேருங்கள். அதை முன்மொழியச் சொல்லி உங்கள் கடைவீதிச் சங்கத்தில் இப்போதே பேசுங்கள்!