இரவல் கணக்கும் சொந்த மென்பொருளும்

ஆறாம் படிவத்தில் பொதுப்பாட இடுபணியை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவு. மணி பத்தரை இருக்கும். மடிக்கணினியில் என் கோப்பு திறந்தது, எழுத்துகளும் தெரிந்தன. ஆனால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியவில்லை. மேலே ஒரு பட்டையில் உரிமம் செல்லாது என்ற அறிவிப்பு. பழைய மடிக்கணினி அது. சுங்கைப்பட்டாணியில் ஒரு கடையில் ஐம்பது வெள்ளி கொடுத்து ‘எல்லாம் போட்டு’ வாங்கி வந்திருந்தோம். அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் பூட்டு உடைத்த ஆஃபிஸ் மென்பொருளும் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். எல்லாரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்ற தைரியம்தான்.

பெரியப்பா மகனை அழைத்தேன். “அழுவாத. லிப்ரே ஆஃபிஸ்னு ஒன்னு இருக்கு, காசு இல்ல, எறக்கிப் போடு” என்றார் அண்ணன். ஏறக்குறைய 350 எம்பி. எங்கள் தோட்டத்து எல்லையில் கைப்பேசிச் சிக்னல் இரண்டு கோட்டைத் தாண்டாது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கி முடிந்தது. கோப்பு திறந்தது. இரண்டு அட்டவணைகளில் மட்டும் கோடுகள் நகர்ந்திருந்தன; சரிசெய்தேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பிடிஎப் ஆக்கி முடித்தேன். அன்று முதல் இன்று பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு வரை என் கட்டுரைகள் எல்லாம் அதில்தான்.

இதைச் சொந்தக் கதையாக மட்டும் சொல்லவில்லை. கூலிம், பீடோங், பாடாங் செராய், பாலிங் என்று எந்த ஊரிலிருந்து வந்த நண்பரைக் கேட்டாலும் இதே கதையின் வேறு ஒரு வடிவம் கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்குவதென்றால் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் அதற்காகத் தனியே பணம் எடுத்து வைக்கப் போவதில்லை. ஆகவே பூட்டு உடைத்த படி. அதைப் போடும்போது வைரஸ் தடுப்பானை முதலில் அணைக்கச் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்குத் திருடன் வருமுன் நாயைக் கட்டிப் போடுவது போல. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது, அந்தக் கணினியில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம் என்பது.

“இப்போதுதான் எல்லாம் இலவசமாயிற்றே!” என்று இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகள் கேட்பார்கள். உண்மைதான். 2020இல் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின் வழியாக மாணவர்களுக்குக் கூகள், மைக்ரோசாப்ட் இரண்டின் கருவிகளும் கிடைக்கின்றன. பல்கலைக்கழகங்களும் கணக்குத் தருகின்றன. நல்ல ஏற்பாடு. குழுவாக ஒரே கோப்பில் எழுத வேண்டியபோது நானும் கூகள் டாக்ஸைத்தான் திறக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது? பள்ளியில் இருக்கும்வரை நம்முடையது. பள்ளியை விட்டு வந்தபின் அது நம்மிடம் நிலைத்திருக்காது. படிவம் ஐந்து வரை நான் எழுதிய தமிழ்க் கட்டுரைகள், ஆசிரியர் ஓரத்தில் எழுதித் தந்த குறிப்புகளோடு, அப்படித்தான் போயின. எடுத்து வைத்துக்கொள்ளாதது என் தவறுதான், மறுக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. என் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தார். வாசலில் முருங்கை வைத்தார், சொந்தக் காசில் சிமெண்டுத் தரை போட்டார். வேலை முடிந்த அன்று வீடும் முடிந்தது. வாடகை இல்லாத வீடு என்பதற்கும் சொந்த வீடு என்பதற்கும் இருக்கும் தூரத்தை அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இந்தத் தூரத்தை நம் முன்னோர் ஒருமுறை சேர்ந்தே கடந்திருக்கிறார்கள், அதுவும் நம் கெடா மாநிலத்தில். ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போதுதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுப் பங்கு சேர்த்தார்கள். அப்படி அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். ஆண்டு 1961.

லிப்ரே ஆஃபிஸின் பிறப்பும் ஏறக்குறைய இப்படி ஒரு கைமாற்றத்தில்தான் நடந்தது. ஜெர்மனியில் ஒரு சிறு நிறுவனம் எழுதிய ஸ்டார் ஆஃபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டே அதன் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அது ஓப்பன் ஆஃபிஸ் ஆயிற்று. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போனது. புதிய முதலாளியை நம்பாத நிரலாளர்கள் பலர் அந்த ஆண்டு செப்டம்பரில் தனியே பிரிந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். போகும்போது மென்பொருளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்! திருட்டு இல்லை, உரிமமே அதற்கு இடம் தந்திருந்தது. பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை. துண்டாடலின்போது நம் தாத்தாக்களிடம் இல்லாமல் போனது இப்படி ஒரு தாள்தான்.

அதனால்தான் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இதை ‘இலவச மென்பொருள்’ என்று சொல்லாமல் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறார்கள். காசில்லை என்பது அதன் குணங்களில் ஒன்று, அவ்வளவே.

நம் அரசாங்கத்துக்கும் இது தெரியாத செய்தி அல்ல. 2004இல் மாம்பு என்னும் நிர்வாக நவீனமயமாக்கல் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதற்கென ஒரு மையமும் அமைத்தார்கள். என் வகுப்பு நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாங்கள் பிறந்த காலத்தில் வந்த திட்டம், நாங்கள் பல்கலைக்கழகம் வருவதற்குள் எங்கள் காதுக்கு வராமலேயே போய்விட்டது. தமிழகத்தைத் தாண்டிக் கேரளத்தைப் பாருங்கள்: அரசுப் பள்ளிகளின் கணினி வகுப்பே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் தன் அரசு அலுவலகங்களின் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அதே நாட்டில் மூனிக் நகரம் 2003இல் இந்தப் பாதையில் போக முடிவெடுத்து, 2017இல் மைக்ரோசாப்டுக்கே திரும்ப முடிவு செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். எளிதான பயணம் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

எங்கே இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வோர்டில் அழகாக அடுக்கிய படங்களும் அட்டவணைகளும் இங்கே சற்று நகரும். எக்செலில் மேக்ரோ எழுதிய கோப்பு ஓடாமல் போகலாம். விரிவுரையாளர் தரும் வார்ப்புருவைக் கட்டாயம் அதிலேயே நிரப்ப வேண்டும் என்றால், பல்கலைக்கழகக் கணினிக் கூடத்துக்குப் போவதே நல்லது. ஒப்படைப்பதைப் பிடிஎப் ஆக்கி ஒப்படைத்தால் பாதித் தொல்லை இல்லை.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: “கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலைக்குப் போனால் எக்செல் தெரியுமா என்றுதானே கேட்பான்?” நியாயமான கேள்வி. ஆனால் நேர்முகத்தில் சோதிக்கப்படுவது என்ன? ஆயிரம் வரிகளில் ஒரு பொருளின் விலையைத் தேடி எடுப்பது, மாதவாரியாகக் கூட்டிச் சுருக்குவது. லிப்ரே ஆஃபிஸின் கால்க்கில் சம், இஃப், விலுக்கப் எல்லாம் அதே பெயரில், அதே வேலையைச் செய்கின்றன. பிவோட் அட்டவணையும் உண்டு. புரோட்டோனில் ஓட்டப் பழகியவர் பெரோடுவாவில் ஏறினால் வைப்பர் பொத்தானைத் தேடுவார், சாலையை மறக்க மாட்டார். உண்மையில் நம்மில் பலருக்கு வோர்டும் முழுதாகத் தெரியாது. இருபது பக்கக் கட்டுரைக்குப் பொருளடக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தட்டி, பக்க எண்ணைக் கையால் போடுகிறவர்கள் பட்டப்படிப்பிலும் இருக்கிறார்கள். தலைப்புகளுக்குப் பாணி கொடுத்தால் பொருளடக்கம் தானே உருவாகும் என்பதை நான் கற்றதே லிப்ரே ஆஃபிஸில்தான். யாரும் சொல்லித் தரவில்லை, பிழைப்புக்காகக் கற்றேன்.

தமிழுக்கு வருவோம். லிப்ரே ஆஃபிஸின் பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஏனென்றால் அந்த மொழிபெயர்ப்பைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். எ-கலப்பை விசைப்பலகையைத் தந்த தமிழா குழுவினர்தாம் அந்நாளில் ஓப்பன் ஆஃபிஸையும் தமிழாக்கினார்கள். கணியம் மின்னிதழில் லிப்ரே ஆஃபிஸைத் தமிழிலேயே விளக்கும் கட்டுரைகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் தமிழக நடையில் இருக்கும், பழகினால் புரியும். விட்டுப்போன சொற்களை மொழிபெயர்க்க மலேசிய மாணவர்கள் சேரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மூன்று மொழிகளில் படித்து வளர்ந்த நம்மைவிட அதற்குத் தோதானவர் யார்?

பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஆண்டுதோறும் தன்முனைப்பு முகாம் கொண்டு போகிறோம். ஒரு முறை மேடைப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரு விரலியில் லிப்ரே ஆஃபிஸை ஏற்றிக்கொண்டு போவோம். ஒரே படியை நூறு கணினியில் போடலாம். எவரும் கேள்வி கேட்க முடியாது. நிறுவிய பின் இணையம் தேவையில்லை என்பது சிக்னல் இல்லாத இடங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று நகரத்து நண்பர்களுக்குப் புரியாமல் இருக்கலாம்.

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் பின்னறையில் யாரோ நன்கொடையாகத் தந்த ஆறு பழைய கணினிகள் கிடக்கின்றன. சென்ற விடுமுறையில் அண்ணனும் நானும் திறந்து பார்த்தோம். இரண்டு எழவே இல்லை. நான்கில் உரிமம் செல்லாது என்ற அதே பட்டை. அந்த நான்கிலும் லிப்ரே ஆஃபிஸைப் போட்டு முடிக்க ஒரு மாலை ஆனது. எழாத இரண்டுக்கும் நினைவக அட்டை தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழையது இருந்தால் தூக்கி எறிய வேண்டாம்.