பொருளியலா? வணிக நிர்வாகமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஆண்டுதோறும் சேர்க்கைக் கலந்தாய்வு நாளன்று நம் கல்லூரிக்கு வரும் தம்பி தங்கையர் முகங்களில் ஒரு கேள்வியைக் காண்கிறேன்: "பி.ஏ. பொருளியலா? பி.பி.ஏ.வா?" நானும் அதே கேள்வியோடு வந்து நின்றவன்தான். "பி.பி.ஏ. படித்தால் மேனேஜர் ஆகலாம். பொருளியல் படித்து என்ன ஆவாய்?" என்று மாமா கேட்டார். அன்று விடை தெரியவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

என் தந்தையார் தக்காளி பயிரிடுபவர். ஓராண்டு, என்றுமில்லாத விளைச்சல். வீடே மகிழ்ந்தது. ஆனால், மண்டியில் கிடைத்த விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே போதவில்லை. மீதித் தக்காளியை வரப்போரம் கொட்டிவிட்டு வந்து, அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் அமர்ந்தார். அந்த மௌனம்தான் என்னைப் பொருளியல் வகுப்பில் சேர்த்தது.

நல்ல விளைச்சல் உழவனை ஏன் ஏழையாக்குகிறது? விலை பாதியானால் மக்கள் இருமடங்கு தக்காளி உண்பதில்லை. ஆகவே, வரத்து சற்று மிகுந்தாலும் விலை பெரிதும் சரிந்து, மொத்த வருமானமே குறைகிறது. நெகிழ்ச்சி குறைந்த தேவை என்று இதனை முதலாண்டில் படித்தேன். அது அப்பாவின் தவறன்று என அறிந்தபோது பெரும் ஆறுதல் அடைந்தேன்.

ஆனால், ஆறுதல் கடனை அடைக்காது! எந்தச் சந்தைக்கு எப்போது அனுப்புவது, வரவு செலவை எப்படி எழுதுவது, பத்து உழவர்கள் கூடிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றை எப்படி நடத்துவது என்பனவற்றுக்கு வழிகாட்டுவது வணிக நிர்வாகம். 'ஏன்' என்று கேட்பது பொருளியல். 'எப்படி' என்று கேட்பது நிர்வாகம். இவற்றில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பது அறியாமை.

1892இல் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா முதலில் கணக்காய்வாளர். பின்னர் அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் பொதுநிதியியலும் பயின்றார். நம் நாட்டின் வறுமைக்குக் காரணம் தேடிய அவர் காந்தியடிகளை அடைந்தார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தவும் அவரால் முடிந்தது. அவருக்கு இரு கேள்விகளும் தேவைப்பட்டன.

வேலைவாய்ப்பையும் மறக்கலாகாது. முதல் தொகுதித் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். பொருளியல் பட்டதாரி பின்னர் எம்.பி.ஏ. சேரலாம். இந்தியப் பொருளியல் பணிக்குச் செல்ல விரும்புவோருக்குப் பொருளியல் சார்ந்த முதுகலைப் பட்டம் வேண்டும். புள்ளியியலுக்கு அஞ்சுவோர் பொருளியலை எளிதென்று எண்ணி வரவேண்டாம். பட்டம் பெற்றதுமே மேனேஜர் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணிப் பி.பி.ஏ.வுக்கும் போகவேண்டாம்.

தம்பி தங்கையரே! பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரு துறைகளின் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி 'ஏன்' என்பதா, 'எப்படி' என்பதா என்று உங்களையே கேளுங்கள். எனக்கு 'ஏன்' என்பது முதலில் வந்தது. 'எப்படி' என்பதையும் கற்காமல் அப்பாவின் முன் நிற்க மாட்டேன்.