ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு ஆக்கவுரிமைச் சண்டை

சூரை மீனைப் பிடிச்ச உடனே ஐஸில வைக்காட்டி அதில ஹிஸ்டமின் உருவாகத் தொடங்கும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது. ஆகவே கடலில இருந்து கடை வரைக்கும் மீன் எவ்வளவு குளிரில இருந்தது என்பதுதான் முக்கியம். சாய்ந்தமருது கரையில இதை அறிய நம்மட ஆக்களிட்ட இருக்கிறது கையும் கண்ணும்தான். "மீன் பழுது" எண்டு வாங்குறவர் விலையைக் குறைச்சா, மறுத்துக் காட்ட ஆதாரம் இல்ல.

அந்த ஆதாரத்தைத் தரக்கூடிய பொருள் ஏற்கனவே உலகத்தில இருக்கு: வெப்பநிலையை உணரும் ஆர்எஃப்ஐடி வில்லை. சில வகைக்கு பேட்டரி கூட வேணாம். வாசிப்பான் அனுப்பும் வானொலி அலையிலயே சக்தி எடுத்து வெப்பநிலையைச் சொல்லிடும். சிறு பேட்டரி உள்ள வகை பயணம் முழுக்கப் பதிஞ்சு வைக்கும்.

ஆனா இந்த வில்லைகளுக்குப் பின்னால பெரிய வழக்குகள் கிடக்கு. அமெரிக்காவின் இம்பின்ஜ் நிறுவனம் நெதர்லாந்தின் என்எக்ஸ்பி மேல 2019இல் வழக்குப் போட்டது. 2024இல் சமரசம்: என்எக்ஸ்பி 45 மில்லியன் டொலர் கட்டணும், அதுக்கு மேல ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். அந்தச் சண்டை வெப்பநிலை உணர்றதைப் பற்றியதில்ல, வில்லையின் சிப்பைப் பற்றியது. ஆனா வெப்பநிலை வில்லையும் அப்படியொரு சிப்பில்தான் நிக்குது. இப்படியான செலவெல்லாம் கடைசியில வாங்குறவன் தலையிலதான் விழும்.

"அப்ப நமக்கெதுக்கு இந்த வேலை?" எண்டு ஒதுங்குறதுதான் பிழை. ஆக்கவுரிமைக்கு எல்லை உண்டு. அமெரிக்காவில மட்டும் பதிஞ்சது இலங்கையில செல்லாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இங்கயும் பதிஞ்சிருக்கணும். அதுக்கும் ஆயுள் 20 வருசம்தான். 1973இல் மரியோ கார்டுல்லோ அமெரிக்காவில பெற்ற ஆக்கவுரிமை இந்தத் துறையின் முன்னோடிகளில ஒண்டு. அது எப்பவோ காலாவதி. இண்டைக்கு யாரும் பயன்படுத்தலாம். செய்த பொருளை அமெரிக்காவுக்கு அனுப்பி விக்கப் போனாத்தான் அங்கத்தைய ஆக்கவுரிமை குறுக்க வரும்.

சிப்பை நாம இங்க செய்யப் போறதில்ல. ஆனா உப்புத்தண்ணியும் ஐஸும் தாங்கும் உறை, மீன் பெட்டியில அதைப் பொருத்தும் விதம், தமிழில பேசும் செயலி, இதெல்லாம் நம்மளால முடியும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில படிக்கிற தம்பி தங்கச்சிமார் இறுதியாண்டுச் செயற்திட்டம் தொடங்க முதல் ஒரு கிழமை ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடி வாசிக்கணும். கூகுள் பேட்டண்ட்ஸில அது இலவசம். எது காலாவதி, எது இன்னும் யாருக்கும் தோணல்ல எண்டு அதில ஓரளவு தெரியும்.

புதுசா ஏதும் கண்டுபிடிச்சா, கண்காட்சியிலயும் முகநூலிலயும் போட முதல் விண்ணப்பத்தைப் போடுங்க. பகிரங்கமாக் காட்டிப்போட்டுப் போனா, பல நாடுகளில அது "புதுசு" எண்ட தகுதியையே இழந்திடும்.