ஊசி யார் கையில்?

இளவரசிப் பொம்மைகளின் மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது போலத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு, ரோஸ் நிறப் பெட்டி, கிரீடம், வராத இளவரசனுக்கான காத்திருப்பு எல்லாம் சேர்ந்து சிறுமிகளைக் கெடுக்கின்றன என்கிறார்கள். குழந்தையின் கையில் கபடமில்லாமல் இருந்த ஒரு பொருளைச் சந்தை வந்து கெடுத்துவிட்டது என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் வரலாற்றின்படி தலைகீழானது. ஜோடித்த பொம்மை முதலில் துணிக்கடைக்கும் அரசவைக்கும் சொந்தமாக இருந்தது. குழந்தையிடம் அது வந்துசேரப் பல தலைமுறைகள் ஆயின. விற்பதற்கென்றே பிறந்த ஒன்று இன்றும் விற்கிறதே என்று திடுக்கிடுவதில் பயனில்லை. அதன் உடையைத் தைத்த ஊசி எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்று கேட்டால், பொம்மையைப் பற்றிய விவாதம் வேறு இடத்துக்கு நகரும் என்பது எங்கள் எண்ணம்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அரசவைக் கணக்கில் ஒரு செலவு ஏறியிருக்கிறது: இங்கிலாந்து அரசிக்கான பொம்மை உடைகளுக்காக, அரசவைத் தையற்காரர் ரொபேர் த வாரேனுக்கு 459 பிராங்க். 1496இல் பிரெஞ்சு அரசி ஆன், காஸ்டிலின் அரசி இசபெல்லாவுக்கு ஒரு பொம்மை அனுப்ப ஏற்பாடு செய்தபோது, முதலில் தைத்த உடை போதிய பகட்டாக இல்லையென்று அதைக் களைந்து புதிதாக உடுத்தச் செய்தாள். மணக்கவிருந்த மரீ த மெதிசி பிரான்சின் மோஸ்தரை அறிய விரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு, நான்காம் ஹென்றி அவளுக்குப் பொம்மைகளை அனுப்பினான். 18ஆம் நூற்றாண்டுக்குள் இது தனி வணிகமாகிவிட்டது. பெரிய பாண்டோரா என்ற பொம்மை அரசவைக்குரிய முழு உடையோடும், சின்னப் பாண்டோரா வீட்டில் புழங்கும் உடையோடும் பாரிஸிலிருந்து ஐரோப்பியத் தலைநகரங்களுக்குப் போயின. மரீ அந்துவானெத்தின் உடைகளைத் தயாரித்த ரோஸ் பெர்த்தேனும் இப்படிப் பொம்மைகளை அனுப்பியவர்தான். கடலுக்கு அப்பாலும் இதே கதை. 1733இல் பாஸ்டனில் ஒரு தையற்காரி, லண்டனிலிருந்து புதுமோஸ்தர் பொம்மை வந்திருப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். தன் வீட்டுக்கு வந்து பார்த்தால் 5 ஷில்லிங், தானே எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் 7 ஷில்லிங். அந்த விளம்பரத்தில் பொம்மைக்கு இட்டிருக்கும் பெயர் ‘குழந்தை’. அக்கால ஆங்கிலத்தில் பொம்மையை அப்படித்தான் சொன்னார்கள். காசு கொடுத்த சீமாட்டிகள் கண்ணால் பார்த்துத் தம் தையற்காரியிடம் சொல்லி அதேபோல் தைத்துக்கொண்டார்கள். எந்தக் குழந்தையும் தொட முடியாத குழந்தை அது. அச்சிட்ட மோஸ்தர் படங்களும் பத்திரிகைகளும் மலிந்தபிறகு இந்தத் தூதுவேலை அதற்கு இல்லாமல் போனது.

இந்த வரிசையில் பொருந்தாமல் நிற்கும் ஒரு நிகழ்ச்சிதான் எங்கள் வாதத்துக்கு மையம். 1831 முதல் 1833 வரை, கென்சிங்டன் அரண்மனையில் பிற குழந்தைகளோடு கலக்கவிடாமல் வளர்க்கப்பட்ட சிறுமி விக்டோரியா, தன் ஆசிரியை லேசனுடன் சேர்ந்து 132 பொம்மைகளுக்கு உடை செய்தாள். அவற்றில் 32 அவளே உடுத்தியவை. உண்மையான இளவரசியின் பொம்மைகள் என்றதும் பீங்கான் முகமும் பட்டுக் கூந்தலும் நினைவுக்கு வரும். அவள் வைத்திருந்தவையோ ஆல்ப்ஸ் மலையின் க்ரோடன் பள்ளத்தாக்கில் கடைந்து, ஐரோப்பா முழுவதும் சில்லறைக் காசுக்கு விற்ற மரப்பொம்மைகள். மூட்டுக்கு மரமுளை, முகத்துக்கு நாலு கோடு வண்ணம், அவ்வளவுதான். நம் மரப்பாச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். நாடக அரங்கில் தான் பார்த்த பாலே, ஓபரா பாத்திரங்களையும் அரசவைப் பெண்களையும் அவள் இந்த மரத்துண்டுகளின் மேல் ஏற்றினாள். யார் யார் என்று ஒரு நோட்டில் பட்டியலும் வைத்திருந்தாள். பொம்மையிடம் சொந்தமாக ஒன்றும் இல்லாததால்தான் இவ்வளவும் முடிந்தது. ஒரே அச்சான முகம் ஒரு துண்டுத் துணியில் நடனக்காரியாகும், இன்னொரு துண்டில் சீமாட்டியாகும். நாளைக்கு அரசியாகப் போகிறவளுக்கு இளவரசிப் பொம்மை தேவைப்படவில்லை; மேடை தேவைப்பட்டது, அதை அவள் தைத்துக்கொண்டாள்.

இது அரண்மனைக் கதை, ஓய்வும் ஆசிரியையும் பட்டுத்துணுக்கும் வாய்த்தவளின் கதை என்று உடனே மறுக்கலாம். மறுப்பு சரிதான். அதைவிடக் கூர்மையான மறுப்பும் உண்டு: ஊசி என்ன விடுதலைக் கருவியா? சிறுமிகளை வீட்டோடு கட்டிப்போட்ட கயிறே அதுதானே? 1863இல் பாரிஸில் தொடங்கிய ‘லா பூப்பே மோதேல்’ என்ற சிறுமியர் பத்திரிகை பொம்மை உடைக்கான வெட்டுப்படிவங்களை வெளியிட்டது. நல்ல மனைவியாவதற்கான பயிற்சி அதற்குள் இருந்தது. அதே காலத்தில் ஹியூரே, ஜுமோ போன்ற பாரிஸ் பட்டறைகள் வளர்ந்த பெண்ணின் உடல்வாகோடு செய்த பீங்கான் முகப் பொம்மைகள், கையுறை, குடை, தொப்பி என்று ஒரு மணப்பெண்ணின் சீர்வரிசை முழுவதோடும் பணக்காரச் சிறுமிகளிடம் வந்தன. ஊசி இருந்த இடத்திலெல்லாம் சிறுமி சுதந்திரமாக இருந்தாள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். வெட்டுப்படிவத்தை வைத்துத் தைக்கிறவள் படிவத்தை மீறவும் முடியும்; கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. பெட்டியோடு வந்த சீர்வரிசையில் மீறுவதற்கு ஒன்றும் இல்லை, அடுத்த பெட்டியைக் கேட்பதைத் தவிர.

சிறுமியின் கையைவிட்டு நகர்ந்த ஊசி மறைந்துவிடவில்லை. ஜெர்மனியின் சோன்னெபெர்க் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பொம்மை என்பது குடிசைத் தொழில். ஒரு வீட்டில் காகிதக்கூழ்த் தலை அழுத்துவார்கள், இன்னொரு வீட்டில் கண் வரைவார்கள், வேறொரு வீட்டில் சட்டை தைப்பார்கள். கூலி எண்ணிக்கைக் கணக்கில்; குழந்தைகளும் வேலை செய்தார்கள்; லாபம் மொத்த வியாபாரியிடம். ஒரு குழந்தை கூலிக்குத் தைத்ததைத்தான் இன்னொரு குழந்தை வாங்கி உடுத்தியது. பார்பியின் கதையும் இதிலிருந்து விலகியதாகத் தெரியவில்லை. 1955இல் ஜெர்மானியப் பத்திரிகை ஒன்றின் கேலிச்சித்திரப் பெண்ணை வைத்து வந்த ‘பில்ட் லில்லி’ பொம்மையைப் பார்த்துவிட்டு வந்த ரூத் ஹாண்ட்லர், 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பியை வைத்தார். பொம்மை 3 டாலர். உண்மையான வியாபாரம் தனித்தனியாக விற்ற உடைகளில் இருந்தது. அவற்றை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானிலேயே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டார். குட்டிப் பொத்தானையும் குட்டி ஜிப்பையும் வைத்துத் தைத்தவர்கள் அங்கே வீட்டிலிருந்தபடி கூலிக்குத் தைத்த பெண்கள். அப்போதும் அமெரிக்க வீடுகளில் ஒரு வாசல் திறந்தே இருந்தது: மெக்கால், சிம்ப்ளிசிட்டி போன்ற நிறுவனங்கள் பார்பி அளவுக்குத் தையல் படிவங்கள் விற்றன. விலைக்கு வாங்க வசதியில்லாத வீட்டிலும் பழைய ரவிக்கைத் துணி மாலையுடையாக மாறியது.

அந்த வாசலை மூடியது எது என்று பார்த்தால் 2000ஆம் ஆண்டில் வந்து நிற்கிறோம். நைக்கிலிருந்து டிஸ்னிக்கு வந்த ஆண்டி மூனி, ஃபீனிக்ஸ் நகரில் பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனபோது, வரிசையில் நின்ற சிறுமிகள் தலைமுதல் கால்வரை இளவரசிகளாக இருப்பதைப் பார்த்தார். அவர் பின்னாளில் சொன்னபடி, அவை டிஸ்னியின் சரக்கே இல்லை. மாறுவேட உடையோடு கடையில் கிடைத்ததை ஒட்டிச் சேர்த்து ஒப்பேற்றியவை. அந்த ஒப்பேற்றலில் அவர் கண்டது நிரப்பப்படாத ஒரு சந்தை. வெவ்வேறு கதைகளின் நாயகிகளை ‘டிஸ்னி இளவரசி’ என்ற ஒரே முத்திரைக்குள் கொண்டுவந்தார்கள். 2001இல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை 2006இல் 300 கோடியானது. (அந்த ஆண்டுகளில் ஒரே படத்தில் சேர்ந்து நின்றாலும் இந்த இளவரசிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, அவரவர் கதையின் தனித்தன்மை கெடக்கூடாதாம். இவ்வளவு பேர் கூடியும் பேச்சில்லாத அரண்மனை!) சிறுமிகள் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்த வேலையைக் கம்பெனி முழுமையாகச் செய்து கொடுத்தது. எதை இழந்தோம் என்பது அந்த முழுமையில்தான் இருக்கிறது.

உடலைப் பற்றிய பேச்சை நாங்கள் தட்டிக்கழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2006இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வில், பார்பி படங்கள் உள்ள கதைப்புத்தகத்தைப் பார்த்தவர்களில் இளையவர்களுக்குத் தம் உடலைப் பற்றிய மதிப்பு குறைந்தது. ஆனால் ஆய்வாளர் சேரா காய்னின் ஆய்வுகள் இரண்டு வேறு கதை சொல்கின்றன. 2016இல், இளவரசிகளில் மூழ்கிய பாலர்களிடம் பெண்ணுக்கென்று வகுத்த நடத்தை ஓராண்டில் கூடியிருந்தது என்றார். அதே குழந்தைகளைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்து 2021இல் எழுதியபோது, சிறுவயதில் இளவரசிகளோடு அதிகம் திளைத்தவர்கள் பெண்களைப் பற்றி இன்னும் முற்போக்காகவே நினைத்தார்கள் என்றார். குழந்தைகள் நாம் பயப்படும் அளவுக்கு மெழுகுப் பொம்மைகள் இல்லை என்று இதை வைத்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். டிஸ்னி படத்து எல்சாவின் சட்டைக்குள்ளும் ஒரு சிறுமி தன் கதையை நுழைத்துவிடுவாள். அப்படியானால் பிறகென்ன புகார் என்று கேட்டால், புகார் சிறுமியின் மனத்தைப் பற்றியதே இல்லை, பொருளின் அமைப்பைப் பற்றியது. 2016இல் பார்பிக்கு மூன்று புதிய உடல்வாகுகள் வந்தன, வரவேற்கத்தக்கதுதான். ஆனால் இடுப்பின் அளவை மாற்றுவதும் கம்பெனியின் கையில், சட்டையும் கம்பெனியின் கையில் என்றால் சிறுமிக்குக் கூடுதலாகக் கிடைத்தது தேர்ந்தெடுக்க இன்னொரு பெட்டி.

இன்று கடையில் தொங்கும் விலை குறைந்த இளவரசிப் பொம்மைகள் பலவற்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல்சட்டை துணியே இல்லை. சரிகைக் கோடும் கழுத்துப் பட்டியும் பொத்தானும் உடம்போடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக்கில் வார்த்து, மேலே வண்ணம் பூசியிருக்கும். பாவாடை மட்டும் துணியாக, கழற்றும்படி. வேறு சிலவற்றில் ரப்பர் கவுனை இரண்டாகப் பிளந்து கவ்வவிட்டால் போதும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இசபெல்லாவின் பொம்மைக்கு உடை பிடிக்காதபோது அதைக் களைந்து வேறு தைத்தார்கள். இந்தப் பொம்மையின் கூந்தலைச் சீவலாம், பாவாடையை உருவலாம், கிரீடத்தைத் தொலைக்கலாம். சட்டையை மாற்ற வேண்டுமென்றால் உடம்பை அறுக்க வேண்டும்.